செல்போன் அலைகள்: எவ்வளவு, எங்கிருந்து, எதுவரை சரி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மனு. நாலு வீடு தள்ளி ஒரு மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்கப் போகிறார்களாம், அதை எதிர்த்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்.

"ஒரு கையெழுத்து போடுங்க தம்பி. புள்ளைங்க இருக்கிற தெரு."

நான் பேனாவைத் தேடுவதற்குள் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. "ஹலோ... ஹலோ... இரு, வெளியே வர்றேன்" என்று நடுத்தெருவுக்குப் போனார். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காதா அண்ணே?"

"எங்க கிடைக்குது? ஒரு கோடு காட்டும், அதுவும் போயிடும்."

பிள்ளைகள் மேல் அவருக்கு இருக்கும் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அவருடைய காதோரம் இறங்கிய ரேடியோ அலை, அந்த டவர் வந்தால் அதிலிருந்து பல நாட்களில் அவருக்கு வரக்கூடியதை விட அதிகமாகவே இருந்திருக்கும். இதை வாசலில் நின்றபடி அவருக்கு விளக்க முடியவில்லை. இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே சொல், பல சங்கதிகள்

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. அணுகுண்டு வெடித்தால் வருவதும் கதிர்வீச்சு, எக்ஸ்ரே எடுக்கும்போது வருவதும் கதிர்வீச்சு, செல்போனிலிருந்து வருவதும் கதிர்வீச்சு. சூரிய வெளிச்சமும், விறகடுப்பின் அனலும்கூடக் கதிர்வீச்சுதான். ஒரு இடத்திலிருந்து சக்தி அலையாகவோ துகளாகவோ கிளம்பிப் பரவினால் இயற்பியலில் அதற்குப் பெயர் கதிர்வீச்சு. அந்தச் சொல் ஆபத்து என்றும் சொல்லவில்லை, ஆபத்தில்லை என்றும் சொல்லவில்லை.

ஒளி, எக்ஸ்ரே, ரேடியோ அலை மூன்றும் ஒரே குடும்பம்: மின்காந்த அலைகள். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அதிர்வெண், அதாவது ஒரு நொடிக்கு அந்த அலை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பது. 1800 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் செல்போன் அலை நொடிக்கு 180 கோடி முறை ஏறி இறங்குகிறது. பெரிய எண் போலத் தெரியும். ஆனால் இலையில் பட்டு நம் கண்ணுக்கு வரும் பச்சை ஒளி நொடிக்குச் சுமார் 540 லட்சம் கோடி முறை. அதாவது செல்போன் அலையைப் போல மூன்று லட்சம் மடங்கு.

இந்த அதிர்வெண் ஏன் முக்கியம்? மாமரத்தடியில் நின்றுகொண்டு மாங்காய் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூடை கூடையாக வேப்பம்பூவை அள்ளி எறிந்தாலும் ஒரு மாங்காய்கூட விழாது. சரியான ஒரு கல், ஒரே ஒரு கல் போதும். மொத்தமாக எத்தனை கிலோ எறிந்தோம் என்பதில்லை விஷயம். எறிந்த ஒவ்வொன்றுக்கும் காம்பை முறிக்கும் வேகம் இருந்ததா என்பதே.

மின்காந்த அலையும் இப்படிச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வந்து மோதுகிறது. ஒரு பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். அதிர்வெண் கூடக்கூட ஒரு ஃபோட்டானின் பலம் கூடும். எக்ஸ்ரேயின் ஃபோட்டான் கல். அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும். இப்படித் தட்டிவிடுவதை அயனியாக்கம் என்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வின் பிணைப்பு அறுந்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய சேதம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. செல்போன் அலையின் ஃபோட்டான் வேப்பம்பூ. எலக்ட்ரானைத் தட்டிவிடத் தேவையான பலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடையாது. எத்தனை கோடி வந்தாலும் ஒவ்வொன்றும் பூதான்.

சூரிய ஒளியின் ஒரு ஓரத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர், பூவும் கல்லும் சந்திக்கும் எல்லையில் நிற்கிறது. அதனால்தான் வெயிலுக்கும் தோல் புற்றுநோய்க்கும் உறவு உண்டு. செல்போன் அலை இருப்பதோ அதற்கு நேர் எதிர்த் திசையில், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடவும் வெகு கீழே.

சுருக்கமாகச் சொன்னால், கதிர்வீச்சு என்ற பெயர் ஒற்றுமையை வைத்துச் செல்போனையும் எக்ஸ்ரேயையும் ஒரே கூண்டில் நிறுத்த முடியாது. எக்ஸ்ரே அயனியாக்கும், ரேடியோ அலை அயனியாக்காது.

அப்போது ஒன்றுமே செய்யாதா?

செய்யும். சூடாக்கும்.

நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனையில் கொஞ்சம் நேர் மின்னேற்றம், மறு முனையில் கொஞ்சம் எதிர் மின்னேற்றம். ரேடியோ அலை கடந்து போகும்போது அதன் மின்புலம் மாறி மாறித் திசை திரும்புகிறது. மூலக்கூறுகளும் கூடவே திரும்பப் பார்க்கின்றன, ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினால் எப்படியிருக்கும்? அந்த உரசல்தான் சூடு. மைக்ரோவேவ் அடுப்பில் நடப்பதும் இதேதான்.

இங்கேதான் பலர் பயந்து போகிறார்கள். "செல்போனும் மைக்ரோவேவும் ஒன்றா?" அலையின் வகை ஏறக்குறைய ஒன்றுதான், அளவு வேறு. மைக்ரோவேவ் அடுப்பு 800 வாட் அளவில், உலோகப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே போகவிடாமல் சுடுகிறது. 4ஜி செல்போன் அதிகபட்சமாக வெளியே விடுவது சுமார் 0.2 வாட், அதையும் நாலாபக்கமும் சிதறவிடுகிறது. ராத்திரி எரியும் எல்.இ.டி. விடிவிளக்கு இழுக்கும் மின்சாரம் இதைவிட அதிகம்.

2008ல் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. மேஜையில் சோளம், சுற்றிலும் நாலு செல்போன்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன, சோளம் பட்டென்று பொரிகிறது. காதில் மாட்டும் ஹெட்செட் விற்கிற கார்டோ சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியின் விளம்பரத் தந்திரம் அது என்று பிறகு தெரிந்தது. கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாலு போன் சேர்ந்தாலும் ஒரு சோளத்தைப் பொரிக்கும் சூடு வராது.

சரி, தலையில் எவ்வளவு சூடேறும்? மூளை தன் வேலையைச் செய்வதற்காகத் தானே ஒரு கிலோவுக்கு 10 வாட்டுக்கும் மேல் சூட்டை உண்டாக்குகிறது. நாள் முழுக்க, தூக்கத்திலும். ரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய் உடம்பெங்கும் ஆற்றிவிடுகிறது. போனிலிருந்து வரும் கூடுதல் சூட்டையும் அதே ரத்தம்தான் அள்ளுகிறது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் போன் வேலை செய்தாலும் மூளையின் வெப்பம் ஏறுவது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

"ஆனால் ரொம்ப நேரம் பேசினால் காது கொதிக்கிறதே?" கொதிக்கும். போனின் பேட்டரியும் உள்ளே இருக்கும் சிப்பும் சூடாகி, அந்தச் சூடு கண்ணாடி வழியாகக் காதில் நேரே ஏறுகிறது. போதாததற்குக் காதில் காற்றுப் படாமல் வேறு மூடிக்கொண்டிருக்கிறோம். வெந்நீர் பாட்டிலைக் காதில் வைத்தாலும் இப்படித்தான் இருக்கும்.

எஸ்.ஏ.ஆர். என்கிற எண்

போன் பெட்டியில் பொடி எழுத்தில் எஸ்.ஏ.ஆர். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். உங்கள் போனிலேயே *#07# அடித்தாலும் தெரியும். தமிழில் உறிஞ்சு வீதம் என்று சொல்லலாம்: ஒரு கிலோ உடல் திசு, ஒரு நொடியில் எவ்வளவு ரேடியோ சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது என்ற அளவு. கிலோவுக்கு இத்தனை வாட் என்று எழுதுவார்கள்.

உயிருள்ள மனிதர் தலைக்குள் கருவியை விட்டு இதை அளக்க முடியாது. அதனால் சோதனைக் கூடத்தில் ஒரு பொம்மைத் தலை வைத்திருக்கிறார்கள். தலையை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் படுக்க வைத்த ஓடு போல இருக்கும். அதற்குள் மூளைத் திசுவைப் போலவே ரேடியோ அலையை உறிஞ்சும் ஒரு திரவம். இதன் பழைய செய்முறைகளில் ஒன்று தண்ணீர், சர்க்கரை, உப்பு சேர்த்த பாகு. அடியில் போனை ஒட்டவைத்து, அதை உச்ச பலத்தில் ஓடவிடுவார்கள். ஒரு ரோபோ கை மெல்லிய ஊசியைத் திரவத்துக்குள் இறக்கி, இம்மி இம்மியாக நகர்த்தி, எந்த மூலையில் உறிஞ்சல் அதிகம் என்று தேடும். எல்லாவற்றிலும் பெரிதாக வருவதுதான் பெட்டியில் அச்சாகும் எண்.

இந்த எண்ணுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அது கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவில் சராசரி எடுத்து. அமெரிக்காவிலும் இதே கணக்கு. ஐரோப்பாவில் 2 வாட், ஆனால் 10 கிராம் திசுவில் சராசரி. இந்தக் கிராம் சமாச்சாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாம்பாரில் ஒரு உப்புக் கட்டி கரையாமல் கிடக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சுவைத்தால் வாயில் வைக்க முடியாது. அதே இடத்தில் ஒரு கரண்டி நிறைய எடுத்துக் கலந்து சுவைத்தால் அவ்வளவு தெரியாது. 1 கிராம் என்பது ஸ்பூன், 10 கிராம் என்பது கரண்டி. ஆகவே 1.6க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் தெரிவதை விடப் பெரியது. இந்திய, அமெரிக்க வரம்பு கண்டிப்பானது.

இந்த வரம்புகளை எங்கிருந்து பிடித்தார்கள்? தீனிக்காக ஒரு நெம்புகோலை அழுத்தப் பழக்கிய எலிகளையும் குரங்குகளையும் ரேடியோ அலையில் வைத்துப் பார்த்தார்கள். உடம்பு முழுவதும் சராசரியாகக் கிலோவுக்கு 4 வாட் அளவை எட்டும்போது உடல் வெப்பம் சுமார் ஒரு டிகிரி ஏறி, அவை நெம்புகோலை விட்டுவிட்டுச் சும்மா இருந்தன. இதுதான் முதல் அறிகுறி. இந்த 4 வாட்டைப் பத்தால் வகுத்து, டவரில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு 0.4 என்று வைத்தார்கள். பொதுமக்களில் குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் எல்லோரும் இருப்பதால் இன்னும் ஐந்தால் வகுத்து 0.08 என்று வைத்தார்கள். ஆக மொத்தம் 50 மடங்கு இடைவெளி. அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் சொல்லும் கணக்கு இது, ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். காதோரம் போல ஒரு சிறிய இடத்தில் மட்டும் படும்போது வரம்பு வேறு. அதுதான் மேலே சொன்ன 1.6, 2 எல்லாம்.

மனு கொண்டுவந்த அண்ணன் போனிலும் *#07# அடித்துக் காட்டினேன். 1.1 சொச்சம் வந்தது. "இது நல்ல மார்க்கா தம்பி?" என்றார். மார்க் கிடையாது. 0.6 உள்ள போன் 1.2 உள்ள போனை விட இரண்டு மடங்கு பாதுகாப்பு என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இந்த எண் உச்ச பலத்தில், மிக மோசமான நிலையில் அளந்தது. தினசரிப் பயன்பாட்டில் உங்கள் தலைக்குள் எவ்வளவு போகிறது என்பதைத் தீர்மானிப்பது சிக்னல்தான், பெட்டியில் போட்ட எண் இல்லை. ஒரு பாலத்தில் '10 டன் வரை' என்று பலகை இருந்தால் 6 டன் லாரியும் 9 டன் லாரியும் ஒரே மாதிரிதான் கடந்து போகின்றன.

வரம்பைத் தாண்டினால்? 2023 செப்டம்பரில் பிரான்ஸின் அலைவரிசை ஆணையம் ஐபோன் 12ஐக் கையில் பிடித்த நிலையில் சோதித்தபோது, கை கால்களுக்கான வரம்பு 4 வாட் என்றிருக்க, 5.74 வாட் வந்தது. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். ஆப்பிள் மென்பொருளில் திருத்தம் கொடுத்தது. அதற்காக அந்த போன் வைத்திருந்தவர்கள் ஆபத்தில் இருந்தார்கள் என்று இல்லை. வரம்புக்கும் தீங்குக்கும் இடையில் பெரிய இடைவெளி விட்டிருப்பதே இப்படிப்பட்ட நேரங்களுக்காகத்தான். ஆனாலும் சட்டம் சட்டம், அளந்து பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்பது நல்ல விஷயம்.

பஸ் ஸ்டாண்டில் பேசுவது போல

எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி இது. சொன்னால் பலர் நம்புவதில்லை.

பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிறவரோடு பேசும்போது குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்கிற சித்தப்பாவைக் கூப்பிட வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்துவோம். செல்போனும் அப்படியே. டவர் பக்கத்தில் இருந்து, சிக்னல் நன்றாக இருந்தால், போன் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்சத்தில் நூறில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கும் கீழே. டவர் தூரத்தில் இருந்தாலோ, நடுவில் கான்கிரீட் சுவர்கள் இருந்தாலோ, லிஃப்டிலோ அடித்தளத்திலோ நின்றாலோ போன் முழுப் பலத்தோடு கத்தும். போனுக்குக் கருணை எல்லாம் இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கவும், பக்கத்தில் பேசும் மற்ற போன்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கவும்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சிக்னல் இல்லாத ஊருக்குப் போனால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதே, காரணம் இதுதான்.

இப்போது அண்ணனின் மனுவை மறுபடி பாருங்கள். தெருவில் டவர் இல்லை என்றால் அவர் போன் ஒவ்வொரு அழைப்பிலும் கத்துகிறது, அவர் காதோரத்தில். டவர் பக்கத்தில் வந்தால் போன் மெதுவாகப் பேசும்.

'கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர்' விற்பதும் இதே இடத்தில் அடிபட்டுப் போகிறது. அந்த ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால், சிக்னல் போதவில்லை என்று நினைத்துப் போன் இன்னும் பலமாகக் கத்தும். தடுக்காவிட்டால் அது வெறும் ஸ்டிக்கர். இரண்டில் எதுவானாலும் நூற்றைம்பது ரூபாய் போனதுதான்.

டவரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ரேடியோ அலை தூரம் போகப்போக மெலியும், அதுவும் வேகமாக. தூரம் இரண்டு மடங்கானால் பலம் கால்வாசி; பத்து மடங்கானால் நூறில் ஒன்று. கற்பூரத் தட்டு அருகே கை நீட்டினால் சுடும், இரண்டடி தள்ளி நின்றால் அனல்கூடத் தெரியாது.

ஒரு டவர் ஆன்டெனா 20 வாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரு திசையில் குவித்து அனுப்புவதால், அந்தத் திசையில் அது 1000 வாட் போல இருக்கும். அந்தக் கற்றைக்கு நேர் எதிரே 50 மீட்டரில் நின்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.03 வாட் வந்து சேரும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சர்வதேச ஆணையம் வைத்த வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா அதையும் பத்தில் ஒரு பங்காக்கி 0.45 என்று வைத்தது. நம் கணக்கில் வந்த 0.03, அந்தக் கண்டிப்பான வரம்பிலும் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. ஒரே கம்பத்தில் பல ஆன்டெனா இருந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், அதுதான் விதி. ஆனால் நான் எடுத்துக்கொண்டது கற்றைக்கு நேர் எதிரே, நடுவில் சுவர் எதுவும் இல்லாமல் நிற்கிற ஆளை. வீட்டுக்குள் இருப்பவருக்கு இதில் மிகச் சிறிய பங்குதான் வரும். மத்தியான வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"எங்கள் மாடியிலேயே வைத்திருக்கிறார்களே, நாங்கள்தானே முதலில் சாவோம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மெரினா கலங்கரை விளக்கத்தின் அடியில் ராத்திரி நின்றிருக்கிறீர்களா? வெளிச்சம் தலைக்கு மேலே கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும், அடியில் இருட்டு. டவர் ஆன்டெனாவும் பக்கவாட்டில், கொஞ்சமே கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் வீசுகிறது. நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு வருவது குறைவு. எதிரே, அதே உயரத்தில், மிகப் பக்கத்தில் மாடி இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். ஆன்டெனாவுக்கு முன்னால் சில மீட்டர் தூரம் ஆள் நடமாடக் கூடாத பகுதி உண்டு. அங்கே துணி உலர்த்தப் போகாதீர்கள்.

உங்கள் பகுதி டவர் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்க, தொலைத்தொடர்புத் துறை 2017ல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் ஆள் வந்து அளந்தும் தருவார்கள். டவரின் பாரம், ஜெனரேட்டர் சத்தம், அனுமதி வாங்கினார்களா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றுக்காக மனுப் போட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

இதுவரை வந்த தூரம்: அலை அயனியாக்காது, சூடாக்கும், அந்தச் சூட்டுக்கு 50 மடங்கு இடைவெளியோடு வரம்பு இருக்கிறது, நமக்கு வருவதில் பெரும்பங்கு நம் சொந்தப் போனிலிருந்து, டவரிலிருந்து அல்ல.

'புற்றுநோய் வரலாம்' என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னதே?

சொன்னது. 2011 மே மாதம், அதன் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையான ஐ.ஏ.ஆர்.சி., ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் வைத்தது. 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்பது அந்தப் பிரிவின் பெயர். இதைத்தான் வாட்ஸப் தகவல்கள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். அது ஆபத்தின் அளவைச் சொல்லும் பட்டியல் இல்லை, ஆதாரத்தின் உறுதியைச் சொல்லும் பட்டியல். முதல் பிரிவு: ஆதாரம் உறுதி. 2ஏ: அநேகமாக. 2பி: சந்தேகம் இருக்கிறது, ஆதாரம் போதவில்லை. போலீஸ் பாஷையில் சொன்னால் முதல் பிரிவு தண்டனை பெற்றவர்கள், 2பி விசாரணைக்குக் கூப்பிடப்பட்டவர்கள். 2பியில் ரேடியோ அலையோடு ஆசிய நாடுகளின் பாரம்பரிய ஊறுகாய்க் காய்கறிகளும், கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கின்றன. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானம் 2ஏ. அதாவது சுடச்சுடக் குடிக்கும் டீ, செல்போனை விட ஒரு படி மேலே. முதல் பிரிவில் புகையிலை, மது, வெயில், அப்புறம் வெற்றிலை பாக்கு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும்தான். நம் அண்ணன் மனுவை நீட்டும்போது அவர் வாயில் என்ன இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்.

2011ல் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? இன்டர்ஃபோன் என்ற பெரிய ஆய்வு 13 நாடுகளில் நடந்து 2010ல் வெளியானது. மூளைக் கட்டி வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் போன் பழக்கத்தைக் கேட்டார்கள். மொத்தத்தில் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் மிக அதிகம் பேசியதாகச் சொன்ன பத்து சதவீதத்தினரிடம் மட்டும் ஒரு வகை மூளைக் கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. இதில் ஒரு ஓட்டை உண்டு. எல்லாம் ஞாபகத்தை வைத்துச் சொன்னது. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பேசினேன் என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். தலையில் கட்டி வந்தவர், காரணத்தைத் தேடும்போது போனைக் கொஞ்சம் கூடவே நினைத்துக்கொள்வது மனித இயல்பு.

2018ல் எலிகளைச் செல்போன் அலையில் வைத்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு வருஷம், உடம்பு முழுக்கக் கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட் வரை. பொதுமக்களின் முழு உடல் வரம்பு 0.08 என்பதை நினைவில் வையுங்கள். 6 என்பது அதைப் போல 75 மடங்கு. ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு அரிய கட்டி கூடுதலாகத் தெரிந்தது, பெண் எலிகளில் இல்லை. விசித்திரம் என்னவென்றால், அலையில் வைத்த ஆண் எலிகள் வைக்காதவற்றை விட அதிக நாள் உயிரோடு இருந்தன. இதை வைத்து மனிதர்களுக்கு எதையும் உறுதியாகச் சொல்வது கஷ்டம். கவனிக்க வேண்டிய ஆய்வு என்பதில் எனக்கு மறுப்பில்லை.

2024ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, மனிதர்களிடம் நடந்த 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை, பத்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் தெரியவில்லை. செல்போன் எங்கும் நிறைந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. ஸ்வீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் புற்றுநோய்ப் பதிவேடுகள் வெகு காலமாகக் கவனமாக வைக்கப்படுகின்றன. போன் எண்ணிக்கை ஏறிய வேகத்துக்கு மூளைக் கட்டிகள் அங்கே ஏறவில்லை.

5ஜியும் சிட்டுக்குருவியும்

இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடலாம். இந்தியாவில் 2022 அக்டோபரில் வந்த 5ஜி, பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான அலையில் ஓடுகிறது. எண் கூடினாலும் இதுவும் வேப்பம்பூதான். இந்த வகை ரேடியோ அலைகளில் அதிர்வெண் கூடக்கூட அலை உடம்புக்குள் ஆழமாகப் போகாது. 26,000 மெகாஹெர்ட்ஸ் அலை தோலிலேயே ஒரு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். 2020ல் கொரோனாவை 5ஜி பரப்புகிறது என்று பிரிட்டனில் டவர்களைக் கொளுத்தினார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிகிறது என்கிறார்களே, அந்தக் குருவி விஷயம் மனசுக்கு நெருக்கமானது. ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வந்தது, கூடு கட்டப் பொந்து இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லை. 2020ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றது. டவர் இல்லாத கிராமம் இன்று எங்கே இருக்கிறது?

குறைக்க நினைத்தால்

அப்படியும் மனசுக்கு உறுத்தலாக இருந்தால் வழி சுலபம். தூரம்தான் மருந்து. இயர்போன் போடுங்கள், அல்லது ஸ்பீக்கரில் பேசுங்கள். போன் காதை விட்டு ஒரு சாண் தள்ளிப் போனாலே உறிஞ்சல் பெருமளவு குறைந்துவிடும். ஒரு கோடு சிக்னலில் நீண்ட கதை பேச வேண்டாம். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் கூப்பிடலாம், அல்லது மெசேஜ் போடலாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் போனைச் சட்டைப் பையில் வைக்காமல், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். அது புற்றுநோய் பயத்தால் இல்லை, கருவிக்கு இடைஞ்சல் வரக்கூடும் என்பதால்.

வண்டி ஓட்டும்போது மட்டும் எந்த வகையிலும் பேசாதீர்கள். போனைப் பயன்படுத்திக்கொண்டே ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு பைக்கில் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அண்ணன் என் பேச்சைப் பாதி கேட்டார். மனு இன்னும் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்பீக்கர் யோசனை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது வாசல் திண்ணையில் போனை வைத்துவிட்டு, கை இரண்டையும் வீசிப் பேசுகிறார். அவருடைய மைத்துனர் வீட்டுப் பத்திரத்தில் என்ன வில்லங்கம் என்பது எங்கள் தெரு முழுக்க எல்லோருக்கும் தெரியும்.